வானத்துக்குப் போன திண்ணை: மும்பை கஞ்சன்ஜங்கா குடியிருப்பு

தென் மும்பை கும்பாலா ஹில்லில் நிற்கும் கஞ்சன்ஜங்கா, சார்லஸ் கொரியா வடிவமைத்து 1983-ல் முடிந்த அடுக்குமாடிக் கோபுரம். அடித்தளம் 21 மீட்டர் சதுரம், உயரம் 84 மீட்டர். அகலத்தைப் போல நாலு மடங்கு. ஆனா உள்ளே இருப்பது மொத்தமே 32 வீடுதான். எல்லாம் மூன்று முதல் ஆறு படுக்கையறை கொண்ட பெரிய வீடுகள்.

இதைப் புகழ்கிறவர்களிடம் நியாயம் இருக்கு. மும்பையில் கடலும் காற்றும் மேற்கே. மாலை வெயிலும் பருவமழைச் சாரலும் அதே பக்கம்தான். அந்தப் பக்கம் ஜன்னல் வைத்தாலும் தொல்லை, வைக்காவிட்டாலும் தொல்லை. பழைய பங்களாக்கள் சுற்றி வராந்தா போட்டுச் சமாளித்தன. கொரியா அந்த வராந்தாவைக் கோபுரத்தின் மூலைகளில் குடைந்தார்: இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த தோட்ட மாடங்கள். வெயிலும் சாரலும் அங்கேயே தணிந்துவிடும், காற்று மட்டும் உள்ளே வரும்.

எங்க தருமபுரிப் பக்கத்துப் பழைய திண்ணையும் வெயிலைத் தடுக்கும் வேலையைத்தான் செய்தது. கூடவே இன்னொரு வேலையும்: தெருவில் போகிறவர் உட்காருவார், தண்ணி கேட்பார், ஊர்க்கதை பேசுவார். கஞ்சன்ஜங்கா மாடத்துக்குக் காற்று வரும், ஆள் வர முடியாது. திண்ணையில் பாதிதான் மேலே ஏறியிருக்கிறது.

உயரக் கட்டினால் அப்படித்தான், நகரத்தில் இடம் ஏது என்பார்கள். இதற்குப் பதில் கொரியாவிடமே இருக்கு. 1980-களில் நவி மும்பையின் பேலாப்பூரில் அவர் கட்டிய குடியிருப்பில் லிஃப்ட்டே கிடையாது. 45 முதல் 75 சதுர மீட்டர் மனைகள். ஏழு ஏழு வீடாக ஒரு பொது முற்றத்தைச் சுற்றி. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டாததால், கையில் காசு வரும்போது அவரவர் வீட்டைப் பெருக்கிக்கொள்ளலாம். இப்படியும் ஹெக்டேருக்குச் சுமார் 500 பேர் வாழலாம் என்று காட்டினார். உயரம் வேறு, நெருக்கம் வேறு. நாம ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கிறோம்.

இன்று பெங்களூரில் எழும் பல கோபுரங்களில், எங்க மாவட்டத்து ஆட்களும் வேலை செய்கிற கோபுரங்களில், திண்ணையின் அந்தப் பாதிகூட இல்லை. துணி காயப்போடும் அளவுக்கு ஒரு பால்கனி, மேற்கே கண்ணாடி, உள்ளே ஏசி. கொரியாவின் உயரத்தை எடுத்துக்கொண்டார்கள், மாடத்தை விட்டுவிட்டார்கள்.

அடுத்த முறை ஃபிளாட் பிளான் கைக்கு வந்தால் சதுர அடியோடு இதையும் பாருங்க: மேற்கு வெயிலை எது தடுக்குது? லிஃப்ட்டுக்கும் உங்க கதவுக்கும் நடுவுல ரெண்டு பேர் உட்கார்ந்து பேச இடம் இருக்கா?