நோடை ஓட்டச் சொல்லித்தருகிறார்கள், நிறுத்தச் சொல்லித்தருவதில்லை

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய வீட்டில், பழைய லேப்டாப் ஒன்றில் பிட்காயின் நோடு ஓட்டுகிறேன். "காசு வருமா?" என்று கேட்காத ஆள் இல்லை. வராது. இது மைனிங் இல்லை. 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கிலிருந்து இன்றுவரையான கணக்கை நாமே இறக்கி, நாமே சரிபார்க்கிறோம், அவ்ளோதான். அடுத்தவர் சொல்வதை நம்பாமல் இருக்கத்தான் இத்தனை பாடும்.

வேடிக்கை என்னவென்றால், அதைப் பின்னணி சர்வீஸாக மாற்ற இணையத்தில் கிடைத்த ஒரு வழிகாட்டியை அப்படியே நம்பினேன். பத்து வரி சிஸ்டம்டி கோப்பு. ரூட் பயனராக ஓட்டு, 'ரீஸ்டார்ட்' என்பதற்கு 'ஆல்வேஸ்' போடு, வேகமாக ஒத்திசைய 'டிபிகேஷ்' அளவை 4 ஜிபி ஆக்கு. எனேபிள் பண்ணியாச்சா? இனி மறந்துடலாம்.

ஒத்திசைவு பாதியில் இருக்கும்போது லேப்டாப்பை ரீபூட் செய்தேன். சரிபார்த்த கணக்கின் பெரும்பகுதி அந்த 4 ஜிபி நினைவகத்தில்தான் இருந்தது. நிற்பதற்கு முன் அதை டிஸ்க்கில் எழுதியாக வேண்டும். என்னுடையதோ பழைய ஹார்டு டிஸ்க். சிஸ்டம்டி வழக்கமாகக் காத்திருப்பது 90 விநாடி, அதற்குமேல் கொன்றுவிடும். கொன்றது. பிளாக்குகள் டிஸ்க்கில் இருந்தன, ஆனால் அவற்றைச் சரிபார்த்த வேலை போச்சு. மறுபடி முதலிலிருந்து இல்லை, ஆனால் இரண்டு நாள் பின்னால்.

அப்புறம்தான் பிட்காயின் கோர் மூலநிரலோடு வரும் சர்வீஸ் கோப்பைத் திறந்து படித்தேன். அதில் நிறுத்தக் காத்திருக்கும் நேரம் 600 விநாடி. 'ரீஸ்டார்ட்' என்பதற்கு 'ஆன்-ஃபெயிலியர்'. ஓடுவது ரூட்டாக அல்ல, 'பிட்காயின்' என்ற தனிப் பயனராக. மூன்றுக்கும் காரணம் இருக்கிறது. உதாரணமாக, 'ஆல்வேஸ்' போட்டால் பிட்காயினின் சொந்தக் கட்டளையால் நீங்கள் நோடை ஒழுங்காக நிறுத்தினாலும் சிஸ்டம்டி திரும்பக் கிளப்பிவிடும். டிஸ்க் நிரம்பி நோடு தானே நின்றாலும் அதே கதைதான்.

குறை வழிகாட்டி எழுதியவர் மேல் மட்டும் இல்லை. மூலக் கோப்பிலும் 600 என்ற எண் இருக்கிறதே தவிர, ஏன் என்று பக்கத்தில் ஒரு வரி கிடையாது. காரணம் தெரியாத வரியைத்தான் நகலெடுக்கிறவர் முதலில் வெட்டுகிறார். "நம்பாதே, சரிபார்" என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிற ஒரு உலகம், வாசகனைச் சரிபார்க்க விடாமல் ஒட்டச் சொல்வதுதான் என் வருத்தம்.

600 விநாடியும் எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. காற்றடித்துக் கரண்ட் போனால் சிஸ்டம்டிக்கே 1 விநாடி கிடைக்காது. பேட்டரி செத்த லேப்டாப் என்றால் ஒரு யுபிஎஸ் வேண்டும்.

என்னைக் கேட்டால், நல்ல வழிகாட்டி தொடங்கிக் காட்டியதோடு முடியக்கூடாது. நோடு ஓட ஆரம்பித்ததும் வேண்டுமென்றே ஒருமுறை நிறுத்தச் சொல்ல வேண்டும். டீபக் லாகின் கடைசியில் 'ஷட்டவுன்: டன்' வருகிறதா, எத்தனை விநாடியில் வருகிறது என்று பாருங்கள். வந்த பிறகு மறந்துவிடலாம்.