பழையனூர் வணிகனும் நீலியும்: ஒரு பீதி நாடகத்தின் சரித்திரம்

சென்னைக்கு மேற்கே, திருவள்ளூரைத் தாண்டிச் சென்றால் திருவாலங்காடும் அதனை ஒட்டிய பழையனூரும் வரும். ஒரு வணிகன், அவனால் கொலையுண்ட பெண், அவளுடைய பழிக்கு இரையான ஒரு சபை ஆகிய மூன்றையும் கொண்டு, தமிழில் வழங்கும் பீதிக் கதைகளுள் தலையாயது என்று நான் கருதும் நீலியின் விருத்தாந்தம் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஸ்தலம் அந்தப் பழையனூரே.

கதை பல பாடங்களாக வழங்குகிறது. சிலவற்றில் வணிகனே தன் மனைவியைக் காட்டுவழியில் கொன்றவன். வேறு சிலவற்றில் காஞ்சியைச் சேர்ந்த ஓர் அந்தணன், காசியில் மணந்து அழைத்துவந்த இரண்டாம் மனைவியை, ஊரில் இருக்கும் முதல் மனைவிக்கு அஞ்சி, ஆலங்காட்டருகே கொன்றுவிட்டு, மறுபிறவியில் வணிகனாகப் பிறக்கிறான். கொலையுண்டவள் பேயாகிக் காத்திருக்கிறாள். மந்திர வாளொன்றைக் கைவிடாதிருக்கும் வரையில் தனக்கு அபாயமில்லை என்று அறிந்த அவ்வணிகன் பழையனூர் வழியாக வரும்போது, அவள் கள்ளிக் கொம்பொன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, 'என்னைக் கைவிட்டு ஓடும் கணவன் இவன்' என்று ஊர்ச்சபையின் முன் முறையிடுகிறாள். குழந்தை அவனை அப்பா என்று அழைத்து அவனிடம் தாவுகிறது. வாளேந்தி நடுங்கும் ஆடவனையும் அழுது நிற்கும் தாயையும் கண்ட எழுபது வேளாளர்கள், அவனிடமிருந்து வாளை வாங்கிவைத்து, 'உன் உயிருக்குத் தீங்கு வந்தால் எங்கள் எழுபது உயிரும் ஈடு' என்று வாக்களித்து இருவரையும் ஒரே மனைக்குள் இரவு தங்கச் செய்கிறார்கள். விடிந்ததும் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் தீக்குழியில் இறங்குகிறார்கள்.

இக்கதையின் மிகப் பழைய சுவட்டை ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் ஆலங்காட்டின் மீது பாடிய பதிகத்திலே காண்கிறோம்: வஞ்சனை செய்து ஓர் உயிரைக் கவர்ந்த ஒருத்தியின் செய்தி கேட்டு அஞ்சும் ஊர் என்று அவர் பழையனூரைச் சுட்டுகிறார். வணிகனின் குற்றத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகள் கழித்து, உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கொள்ளப்படும் சேக்கிழார் புராணத்தில், சேக்கிழார் பிறந்த குலத்தின் பெருமையைச் சொல்லவரும் இடத்தில் இக்கதை மீண்டும் தலைகாட்டுகிறது. அங்கே நீலி வஞ்சகி, வணிகன் உயிரிழந்தவன், சொற்பிழையாது தீப்பாய்ந்த எழுபது பேரே கதையின் நாயகர்கள். அவர்களுடைய சத்தியம் வணங்கத்தக்கது என்பதில் எனக்கு ஐயமில்லை. பழையனூரில் சாட்சி பூதேசுவரர் கோயிலையும், அவர்கள் தீப்பாய்ந்த இடமென்று காட்டப்படும் மண்டபத்தையும் பார்ப்பவர்கள் நெஞ்சு நெகிழாமல் திரும்புவது கடினம். ஆயினும், காட்டில் வெட்டுண்டு கிடந்த அந்தப் பெண்ணை எண்ணும் துயரமும் அங்கே எழத்தான் செய்கிறது.

ஊரோ கற்பனையன்று. 1905ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள், முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில் பழையனூர் ஆலங்காட்டு இறைவனுக்குத் தேவதானமாக வழங்கப்பட்டதை விரிவாகப் பதிவு செய்கின்றன. சபை கூடித் தீர்ப்பளிப்பதும், அளித்த தீர்ப்புக்குத் தாமே பிணை நிற்பதும் இத்தகைய ஊர்களின் அன்றாட வாழ்க்கைக்கு அந்நியமானவை அல்ல என்பதனாலேயே இக்கதை கேட்பவர் நெஞ்சில் மெய்யென்று பதிந்தது போலும்.

சமணர்கள் இதனைக் கையாண்ட விதம் முற்றிலும் வேறானது. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றும், பௌத்தக் காப்பியமாகிய குண்டலகேசிக்கு மறுமொழியாக எழுந்ததுமான நீலகேசியில், பழையனூர் நீலி என்னும் பெண்தெய்வம், காளிக்கு உயிர்ப்பலி நின்றுபோகக் காரணமாயிருந்த முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரை அச்சுறுத்துவதற்காகச் சுடுகாட்டுக்கு வருகிறது. பேயுருக்களைக் காட்டியும், அரசகுமாரியின் வடிவெடுத்து மயக்கியும் அவரை அசைக்க முடியாமல், இறுதியில் அவரிடமே அறம் கேட்டு, பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதிகள், பூதவாதிகள் ஆகியோரை வாதில் வெல்லும் தத்துவ ஞானியாக மாறுகிறது. 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் வெளியிட்ட பதிப்பின் வாயிலாக இக்காப்பியத்தைப் படிப்பவர்கள், ஒரு பேய்க்கு இவ்வளவு கம்பீரமான புத்தியை அளித்த கவியின் துணிவை வியவாதிருக்க முடியாது. எனினும் அந்த ஏற்றத்துக்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது: நீலி ஏன் பேயானாள் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை, வணிகன் காவியத்தை விட்டே மறைந்துவிடுகிறான்.

நீலி என்ற பெயர் சிலப்பதிகாரத்திலும் வருகிறது. மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கும் முற்பிறப்புக் கதையில், சிங்கபுரத்துக்கு அணிகலன் விற்கவந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றனென்று பொய்கூறி அரசனிடம் காட்டிக்கொடுத்துக் கொல்வித்த பரதனே கோவலனாகப் பிறந்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அரற்றித் திரிந்து, மலையேறிச் சபித்து உயிர் நீத்தாள். அவளுக்கும் பழையனூராளுக்கும் உறவுண்டென்று நான் சாதிக்கவில்லை. கொலையுண்டவனின் மனைவி ஒருத்தி, கொலையுண்ட மனைவி மற்றொருத்தி. இருவருக்கும் நீதி மறுபிறவியில்தான் கிடைக்கிறது என்பது மட்டும் சிந்திக்கத்தக்கது. அதே காப்பியத்தில், தான் திருடிய சிலம்பின் பழியைக் கோவலன் தலையில் சுமத்தி அவனைக் கொல்வித்த பொற்கொல்லனோ, கையில் ஆயுதமேந்தாமல் கொலைசெய்யும் தொழிலாளி. தமிழ் இலக்கியத்தில் அவனைவிடப் பயங்கரமான ஒரு கைவினைஞனை நான் அறியேன்.

தொண்டைமண்டலத்துத் தெருக்கூத்தில் பாரதக் கதைகளே பெரும்பான்மையாக அரங்கை நிறைத்துக்கொண்டன. நீலி முழு வேகத்தோடு வாழ்வது தென்கோடியில், குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டில். அங்கே அவள் இசக்கியாக வணங்கப்படுகிறாள். ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தல் கோயில் அவளுடைய கதையோடு பிணைந்தது. தென்னாட்டுப் பாடத்தில், அவள் கணிகையர் குலத்துப் பெண். அவளுடைய பொருளையெல்லாம் அழித்த அந்தணக் காதலன், அவள் பின்தொடர்ந்து வரும்போது, கள்ளிச்செடியின் அருகே தன் மடியில் தலைவைத்து உறங்கியவளை மணல்மீது கிடத்தி, கல்லைப் போட்டுக் கொன்று நகைகளைக் கொண்டுசெல்கிறான். கள்ளியே சாட்சி என்று அவள் சொல்லிச் சாகிறாள். பின்னால் அக்கள்ளியின் கிளையே குழந்தையாகிச் சபையில் சாட்சி சொல்கிறது. இதனினும் சிறந்த நாடகக் கட்டமைப்பை எவ்விடத்தும் தேடவேண்டியதில்லை. வில்லும் குடமும் உடுக்கையும் முழங்க இக்கொலை பாடப்படும்போது, கேட்போர் முதலில் அறிவது அவளுடைய கண்ணீரையே. 'நீலிக் கண்ணீர்' என்று நாம் பொய்யழுகைக்குப் பெயரிட்டு வைத்திருப்பது எவ்வளவு அநியாயம் என்பது அப்போதுதான் விளங்கும்.

தொல்காப்பியர் அச்சத்துக்கு நிலைக்களனாக அணங்கு, விலங்கு, கள்வர், இறைவன் என்னும் நான்கைக் கூறினார். மடியில் தலைவைத்துறங்க இடம் கொடுத்தவன் அப்பட்டியலில் இல்லை. நீலியின் கதை அணங்கால் வரும் அச்சத்தைப் பேசுவதுபோல் தோன்றினும், உண்மையில் அது நம்பியவனால் வரும் அச்சத்தையே பேசுகிறது என்பது என் துணிபு.

இதனை மேனாட்டுப் பீதி நாடகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். இலண்டனின் ஃப்ளீட் வீதியில் சவரக்கடை நடத்தி, நாற்காலியில் வந்தமர்ந்தவர்களை நிலவறைக்குள் கவிழ்த்துக் கொன்று, அவர்களுடைய மாமிசத்தை அண்டையிலுள்ள பலகாரக் கடைக்கு அனுப்பிய ஸ்வீனி டாட் என்பவனின் கதை, 1846-47இல் மலிவுவிலைத் தொடர்கதையாக வெளிவந்துகொண்டிருந்தபோதே, 1847இல் ஹாக்ஸ்டனிலிருந்த பிரிட்டானியா அரங்கில் மேடையேறிவிட்டது. தொடக்கத்தில் அவன் பொருளாசை கொண்ட கொடியவன், அவ்வளவே. கிறிஸ்டோபர் பாண்ட் எழுதிய நாடகத்திலும், அதனைத் தழுவி 1979இல் ஸ்டீபன் சாண்ட்ஹைம் அமைத்த இசைநாடகத்திலும், 2007இல் டிம் பர்ட்டனின் திரைப்படத்திலும், அநியாய நீதிபதி ஒருவனால் மனைவியையும் மகளையும் இழந்தவன் என்ற துயரம் அவனுக்கு வாய்த்துவிட்டது. காலம் செல்லச் செல்ல அந்நாட்டார் கொலைகாரனுக்கு இரங்கக் கற்றார்கள். நாமோ கொலையுண்டவளுக்கு அஞ்சக் கற்றோம். கத்தியும் நாற்காலியும் அவனுடைய தொழிற்கருவிகள். நம் வணிகனுக்கோ வழிப்பயணமே கருவி, ஏனெனில் ஊருக்கு ஊர் செல்பவன் ஓரூரில் செய்ததை மற்றோரூரில் மறைக்கலாம்.

திரைப்படத்தில் இந்த மரபு தலைகாட்டியபோதும் நீலி வழியாக வரவில்லை. நகைக்காகத் தன்னை மலையுச்சிக்கு அழைத்துச்சென்ற கணவனைத் தானே தள்ளிக் கொன்ற குண்டலகேசியின் கதையை வைத்து மு. கருணாநிதி எழுதிய 'மந்திரி குமாரி', மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாக 1950இல் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அம்மலையுச்சிக் காட்சியில் எஸ். ஏ. நடராஜனும் மாதுரி தேவியும் தோற்றுவித்த பீதி பார்த்தவர்களை விட்டு நீங்குவதில்லை. குண்டலகேசி உயிர்தப்பினாள், ஆதலால் அவளைப் புகழ்வது எளிதாயிற்று. நீலி தப்பவில்லை.

மறுபிறவி என்னும் உத்தியைக் கதையை நீட்டுவதற்காகச் சேர்த்த ஒட்டு என்று தள்ளுவோருண்டு. அவர்களோடு நான் உடன்படுவதற்கில்லை. பழையனூர்ச் சபையில் நடுங்கி நிற்பவன், தன் அறிவுக்கு எட்டியவரையில் நிரபராதி; 'இவளை நான் அறியேன், இவள் பேய்' என்று அவன் கதறுவது முழு உண்மை. அவள் கூறும் 'இவன் என் கணவன்' என்பதும், பிறவி கடந்த கணக்கில், உண்மையே. கண்முன் நிற்கும் சாட்சியத்தை வைத்துத் தீர்ப்பளித்த எழுபது பேரும் முறைப்படியே நடந்தார்கள். மூவர் பக்கமும் நியாயமிருக்க, மூவரும் அழிகின்ற இக்காட்சியைப் போன்ற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, நம் நாடகாசிரியர்கள் நீலியைப் பல்லும் நகமுமாகச் சித்திரிப்பதோடு நின்றுவிடுவது பெருநஷ்டம்.

இதனை மேடைக்குக் கொணர முன்வருவோர் சேக்கிழார் புராணத்திலிருந்து எழுபதின்மரின் வாக்கையும், நீலகேசியிலிருந்து அவளுடைய வாதத் திறனையும் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் வரிசையை வில்லுப்பாட்டிலிருந்தே பெறவேண்டும். திரை விலகும்போது அவள் உயிரோடிருக்க வேண்டும். நகையணிந்து, கணவனென்று நம்பியவனோடு பேசிக்கொண்டு, களைத்துப்போய் நிழல் தேடி, அந்தக் கள்ளிச்செடியை நோக்கி அவள் நடந்துவர வேண்டும்.