ஊர்தோறும் ஒரு மேடை

தமிழில் மேடையேறிப் பேசுகிறவர் வாழ்க்கையில் பாதி வழியிலேயே கழிகிறது. கதை சொல்பவர், புராணம் விரிப்பவர், வில்லடித்துப் பாடுபவர், பட்டிமன்றத்தில் வாதாடுபவர் எல்லோருக்கும் இது பொது. ஆனால் அந்த அலைச்சலைச் சிரமக் கணக்காக மட்டும் பார்க்கக் கூடாது. இந்த மரபுகள் ஒவ்வொன்றுக்கும் தரத்தை வகுத்துக் கொடுத்தவை அவை போய்வந்த ஊர்களே என்பது என் உறுதியான எண்ணம்.

இசையோடு கதை சொல்லும் கதாகாலட்சேபம் அப்படி நடந்து வந்ததுதான். தஞ்சை மராட்டியர் ஆட்சியின்போது மராட்டியக் கீர்த்தனக்காரர்கள் கொண்டுவந்த முறையை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் நம் ஊருக்கு ஏற்றபடி அமைத்தார். சாகி, திண்டி, அபங்கம் ஆகிய மராட்டிய மெட்டுகளோடு தமிழ்க் கீர்த்தனைகளும் தெலுங்கு உருப்படிகளும் சேர்ந்தன. கையில் சப்ளாக்கட்டை, பக்கத்தில் மிருதங்கம், பின்பாட்டுக்கு ஒருவர். குழுவாகவே பயணம், குழுவாகவே சாப்பாடு. பாட்டு எவ்வளவு உயர்ந்தாலும் கதையை விழுங்கிவிடக் கூடாது என்பதே இந்த மரபின் முதல் அளவுகோல். பெண் ஒருவர் பாகவதராக மேடையேறுவதை வித்வான்களே எதிர்த்த காலத்தில் சி. சரஸ்வதி பாய் துணிந்து ஏறினார். சபைகளும் ஊர்களும் அவரை அழைத்துக் கேட்டன. எதிர்ப்பு தானாக ஓய்ந்தது.

இசைக்கருவி எதுவும் இல்லாமல் வெறும் உரையாலேயே கூட்டத்தை உட்காரவைத்தவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். வெள்ளிதோறும் அது தொடர்ந்தது. கிறித்தவப் பாதிரிமார்களின் பிரசங்க முறையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். அதன் ஒழுங்கை எடுத்துச் சைவத்துக்கு ஆக்கினார். பிறகு கடல் கடந்து தமிழகம் வந்து திருவாவடுதுறை ஆதீனத்தில் பேசினார். ‘நாவலர்’ என்ற பட்டம் 1849இல் அங்கேதான் கிடைத்தது. ஊரில் வளர்ந்த பேச்சு வெளியூரில் அரங்கேறிப் பெயர் பெறும் வழக்கத்துக்கு அவர் ஒரு பெரிய சான்று.

பாட்டு, உரை இரண்டையும் ஒரே நாவில் வைத்திருந்தவர் திருமுருக கிருபானந்த வாரியார். வேலூரை அடுத்த காங்கேயநல்லூரில் 1906இல் பிறந்தவர். தகப்பனார் மல்லையதாசரும் இசையோடு புராணம் சொன்னவர்தான். வாரியார் சுவாமிகளைப் பற்றி நான் முதலில் சொல்ல விரும்புவது, கூட்டத்தை அவர் உட்காரவைத்த முறை. சிறுபிள்ளைகளை முன்வரிசைக்கு வரச் சொல்வார். கதையின் நடுவே நிறுத்தி அவர்களிடம் கேள்வி கேட்பார். சரியாகச் சொன்ன பிள்ளைக்குச் சின்னப் புத்தகம் ஒன்று பரிசு. பிள்ளை விழித்திருந்தால் தாய் எழுந்து போகமாட்டாள். அருணகிரிநாதர் சந்தத்தை மூச்சு முட்டாமல் பாடிவிட்டு, அடுத்த நொடியே சந்தைத் தெருத் தமிழில் அதற்கு உரை சொல்வார். படித்தவருக்கும் பாமரருக்கும் தனித்தனிப் பந்தி போடாமல் ஒரே இலையில் பரிமாறியவர். 1993 நவம்பர் 7 அன்று லண்டனிலிருந்து திரும்பும் வழியில், வானூர்தியிலேயே அவர் உயிர் பிரிந்தது.

வில்லுப்பாட்டின் கணக்கு வேறு. நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் அம்மன் கோயில், சுடலைமாடன் கோயில் கொடை விழாக்களுக்குப் பாடப் போகிறவர் வெறும் கலைஞர் மட்டும் அல்லர், சடங்கில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இரவு முழுக்கக் கதை ஓடும். பூசை எந்த நேரம், சாமியாடி எப்போது இறங்குவார் என்று பார்த்து, கதையை இழுக்கவும் சுருக்கவும் தெரிய வேண்டும். அந்தந்தச் சாமியின் கதையில் அந்த ஊர் ஒரு பெயரைக்கூட மாற்றவிடாது. தவறினால் பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்து திருத்துவார், பாடும் அண்ணாவி கேட்டுக்கொண்டுதான் ஆக வேண்டும். இதைவிடக் கடுமையான தேர்வுமன்றம் எந்தச் சபையிலும் இல்லை.

வில்லுப்பாட்டுக் குழு பேருந்தில் ஏறும்போது பார்த்திருக்கிறேன். நீள வில்லை மேலே கட்டிவிடலாம். உடுக்கையும் வீசுகோலும் துணிப்பையில் அடங்கிவிடும். மண்குடத்தை மட்டும் யாரிடமும் கொடுக்கமாட்டார்கள். அதன் கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டி, குடம் அடிப்பவர் மடியிலேயே வைத்துக்கொள்வார். இறங்கியதும் முதல் வேலை விரலால் தட்டிப் பார்ப்பது. கீறல் விழுந்திருந்தால் ஓசையே சொல்லிவிடும்.

கொடை மேடையிலிருந்து இந்தக் கலையைப் பொதுமேடைக்கு நடத்திவந்தவர்களில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும், அவரால் சென்னைக்கு வந்த சுப்பு ஆறுமுகமும் முக்கியமானவர்கள். காந்தியடிகள் கதை வில்லில் ஒலித்தது அப்படித்தான். கால அளவு சுருங்கியது, நகைச்சுவை கூடியது. சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கோயில் இல்லாத ஊருக்கும் வில் போனது இதனால்தான்.

பட்டிமன்றம் இன்றைய வடிவில் வேரூன்றியதில் காரைக்குடி கம்பன் கழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. கம்பனடிப்பொடி சா. கணேசன் 1939இல் தொடங்கிய கழகம் அது. குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிப்பது அங்கே சட்டம். கம்பன் பாட்டைச் சொல்லி வாதாட வேண்டும், வாய்ச்சாமர்த்தியம் மட்டும் செல்லாது. குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்தபோது தீர்ப்புரையே தனிச் சொற்பொழிவாக நின்றது. பின்னாளில் மதுரைப் பேராசிரியர் சாலமன் பாப்பையா குடும்பத் தலைப்புகளையும் மதுரைப் பேச்சுமொழியையும் கொண்டுவந்து, தொலைக்காட்சி வழியே வீட்டுக்கூடத்தையே மன்றமாக்கினார். 2021இல் அவருக்கும் சுப்பு ஆறுமுகத்துக்கும் பத்மஸ்ரீ விருது ஒரே பட்டியலில் வந்தது பொருத்தமே.

இப்போது குறைந்துவருவது ஆளும் அல்ல, அழைப்பும் அல்ல. குறைந்திருப்பது நாள். முன்பு பாரதமோ கந்தபுராணமோ பல நாள் தொடராக ஓர் ஊரில் நடக்கும். பேச்சாளர் அங்கேயே தங்குவார். பகலில் ஊராரோடு பேசியதும், கோயில் தலபுராணத்தில் கேட்டதும் இரவு உரைக்குள் வந்துவிடும். இன்று மாலையில் வண்டி இறங்கி, இரண்டு மணி நேரம் பேசி, சால்வையும் உறையும் வாங்கி, நள்ளிரவுப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஊரைப் பார்க்க நேரமே இல்லாதபோது நேற்று சொன்னதே இன்றும் வரும். இளம் பேச்சாளர்கள் திரும்பத் திரும்ப ஒரே துணுக்கைச் சொல்கிறார்கள் என்று குறைப்படுகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விழாக் குழுவினருக்கு என் வேண்டுகோள் இது. தலைப்பை ஒரு மாதம் முன்னதாகத் தெரிவியுங்கள். மரியாதைகளையெல்லாம் பேச்சுக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். பேசி முடித்தவருக்கு ஒரு வேளை சூடான சாப்பாடு எடுத்து வையுங்கள், அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திராது. முடிந்தால் ஆண்டில் ஒரு முறையாவது ஐந்து நாள் தொடர் ஒன்று நடத்துங்கள். அதற்கு வயதில் இளையவர் ஒருவரை அழையுங்கள்.