அச்சமும் வாக்குமூலமும்

சிறை அனுபவ நூல்கள் பலவும் சிறைப்பட்டவரின் நெஞ்சுறுதியைப் போற்றுவன. ரொக்ஸானா சபேரி எழுதி 2010-இல் வெளிவந்த ‘பிட்வீன் டூ வேர்ல்ட்ஸ்’ என்னும் ஆங்கில நூலோ தம் வீழ்ச்சி ஒன்றை நடுவில் வைத்துப் பேசுகிறது. அதனாலேயே நாம் அதனைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டியுள்ளது.

ஈரானியத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் அமெரிக்காவில் பிறந்த சபேரி, 2003-இல் ஈரான் சென்று செய்தியாளராகப் பணியாற்றினார். 2006-இல் அவரது செய்தியாளர் அனுமதி பறிக்கப்பட்டது. எனினும் அந்நாட்டு மக்களைப் பற்றி நூலொன்று எழுத எண்ணி அங்கேயே தங்கினார். 2009 ஜனவரி 31 அன்று கைதாகி, தெஹ்ரானின் எவின் சிறையில் அடைக்கப்பட்டார். நூலுக்காக அவர் கண்ட நேர்காணல்கள் உளவுக்கான திரை எனக் குற்றஞ்சாட்டப்பட்டன. மிரட்டலுக்கு அஞ்சி, செய்யாத உளவைச் செய்ததாக ஒளிப்பதிவுக் கருவியின் முன் கூறிவிட்டார்.

நூலின் உயிர்நிலை இதற்குப் பின்னரே தொடங்குகிறது. உடன் அடைபட்டிருந்த பெண்களுள் பஹாய் சமயத் தலைவியரான மஹ்வாஷ் சாபெத், ஃபரீபா கமாலாபாதி ஆகியோரும் இருந்தனர். அச்சுறுத்தலுக்குப் பணியாத அத்தோழியரின் அமைதி சபேரியின் மனச்சான்றை உறுத்தியது. விடுதலை கைநழுவக்கூடும் என்று அறிந்தே தம் வாக்குமூலத்தை மறுத்தார். ஏப்ரலில் எட்டாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்ட ஈராண்டுத் தண்டனையாகக் குறைய, மே 11 அன்று வெளியே வந்தார்.

நூலில் குறைகள் இல்லாமல் இல்லை. அரசியல் விளக்கங்கள் கதையோட்டத்தை இடையிடையே தடுக்கின்றன. உரையாடல்கள் அளவுக்கு மீறி நீள்கின்றன. ஆயினும், தம்மை வீராங்கனையாகக் காட்டும் வாய்ப்பை ஆசிரியர் விரும்பி எடுத்துக்கொள்ளவில்லை. பொய்யுரைத்த பக்கங்களில் அவர் தமக்குச் சலுகை தேடவில்லை என்பதே இந்நூலின் பெருமை.

அதே 2009-இல் எவினில் அடைபட்ட செய்தியாளர் மஸியார் பஹாரியும் அச்சத்தால் தொலைக்காட்சியில் ‘ஒப்புதல்’ வழங்க நேர்ந்தது. ஆகவே இதனைத் தனியொருவரின் கோழைத்தனம் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. வாக்குமூலத்தை விசாரிப்பவரே எழுதித் தருமிடத்தில் நீதிமன்றம் வெறும் மேடையாகிவிடுகிறது.

சபேரிக்காக உலகம் குரல் கொடுத்தது. அவருக்குத் துணிவூட்டிய அவ்விரு பெண்களோ 2017-இல்தான் விடுதலை பெற்றனர்; 2022-இல் மீண்டும் கைதாகினர். நூலை மூடியபின் நம் நினைவில் நிற்க வேண்டியவர்கள் அவர்களே.