எழுந்து நிற்றலும் மனச்சாட்சியும்

தேசிய கீதம் ஒலிக்கையில் விளையாட்டு வீரர் எழுந்து நிற்கவேண்டும் என விதிப்பது தகுமா? 2016இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் இவ்வினாவை உலகறியச் செய்தார். கறுப்பின மக்களுக்கு இழைக்கப்படும் கொடுமையை எதிர்த்து முதலில் அமர்ந்திருந்த அவர், முன்னாள் படைவீரர் ஒருவருடன் உரையாடிய பின்னர் முழங்காலிடலானார். 2018இல் அந்நாட்டுக் கால்பந்துக் கழகம், களத்திலுள்ளோர் நிற்றல் வேண்டும் என விதி வகுத்து, விரைவிலேயே அதனை நிறுத்திவைத்தது.

இதனை ஆராய நம் நாட்டிலேயே ஓர் அரிய தீர்ப்பு உண்டு. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், கீதத்தைப் பாடாமல் மரியாதையுடன் நின்றனர். 1985 ஜூலையில் பள்ளியினின்று நீக்கப்பட்டனர். 1986 ஆகஸ்டு 11 அன்று, நீதிபதிகள் சின்னப்ப ரெட்டியும் தத்தும் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, அவர்களை மீண்டும் சேர்க்க ஆணையிட்டது. ஒரு நம்பிக்கை நம் அறிவுக்கு ஒவ்வுகிறதா என்பதன்று, அது உண்மையாய்க் கைக்கொள்ளப்படுகிறதா என்பதே வினா என அத்தீர்ப்பு தெளிவுறுத்தியது.

எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. பிள்ளைகள் நின்றமையே அவர்கள் மரியாதைக்குச் சான்றாயிற்று. அமர்ந்திருப்பவனுக்கும் முழங்காலிடுபவனுக்கும் அந்நிழல் எட்டுமா என்பது தெளிவாகவில்லை. 2016 நவம்பர் 30 அன்று, திரையரங்குகளில் கீதம் இசைக்கப்படவும் அனைவரும் எழுந்து நிற்கவும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அடுத்த மாதமே சென்னை அசோக் நகர்த் திரையரங்கொன்றில் எழாதிருந்தோர் தாக்கப்பட்டனர். அவர்கள்மீதே வழக்கும் பதிவாயிற்று. 2018 ஜனவரி 9 அன்று, கீதம் இசைப்பது கட்டாயமன்று என அதே நீதிமன்றம் ஆணையைத் திருத்தியது. கட்டாயம் தேசபக்தியை வளர்க்கவில்லை. அயலானைக் கண்காணிக்கும் கண்களையே வளர்த்தது.

மறுபக்கத்தையும் நாம் எளிதாய்த் தள்ளலாகாது. தாம்பரம் விமானப்படைத் தளத்தைச் சூழ்ந்த நம் சபைகளில், மகனையோ கணவனையோ படைக்கு அனுப்பிய குடும்பங்கள் உள்ளன. எழாதிருப்பவனைக் காணும்போது அவர்கள் அடையும் வேதனை மெய்யானது. கனத்துக்குரியவரைக் கனம்பண்ணும்படி ரோமர் 13ஆம் அதிகாரம் போதிக்கிறது. கிறிஸ்தவன் எழுந்து நிற்பதே நன்று என்பது என் துணிபு. ஆனால் கனம் மனமுவந்து தரப்படுவது. தண்டனைக்கு அஞ்சித் தரப்படுவது கனமாகாது.

தானியேல் நூலின் 3ஆம் அதிகாரத்தை வாசிக்கும் நாம், சூளைக்குள் எறியப்பட்ட மூவரோடே நம்மை எண்ணிக்கொள்கிறோம். தேசிய கீதம் நேபுகாத்நேச்சாரின் சிலையன்று. ஒப்புமை கட்டாயத்தில் மட்டுமே. ஆயினும், எழாதவனைத் தண்டியுங்கள் எனக் கூவும்போது நாம் தூரா சமவெளியில் எவர் பக்கம் நிற்கிறோம்? வீரனுக்கு ஊதியம் தரும் கழகம் அவன் ஆட்டத்திலும் பயிற்சியிலும் ஒழுங்கைக் கேட்கலாம். அவ்வூதியத்தால் அவன் மனச்சாட்சியை விலைக்கு வாங்க இயலாது.

யெகோவாவின் சாட்சிகளின் உபதேசத்தை நம் திருச்சபை ஏற்பதில்லை. ஆயினும் அவர்தம் பிள்ளைகள் பெற்ற தீர்ப்பு, சிறுபான்மையோர் அனைவருக்கும் அரணாயிற்று. ஆகவே நம் வாலிபருக்கு இரண்டையும் கற்பிப்போமாக: கீதம் ஒலிக்கையில் மகிழ்வுடன் எழுந்து நிற்கவும், எழாத அயலான்மீது ஒருவன் கையோங்கினால் குறுக்கே நிற்கவும்.