'ஹெலபஸ' என்னும் தொகைச்சொல்

நார்வே நாட்டார் தம் பழைய மொழியைக் 'கம்மல்நொர்ஸ்க்' என்பர். 'கம்மல்' என்பது பழமை. 'நொர்ஸ்க்' என்பது நார்வேமொழி. கன்னடத்தாரின் 'ஹளெகன்னட'மும் இத்தகையதே. நம் 'பழ' என்னும் சொல்லே அங்குப் பகரம் ஹகரமாகி 'ஹளெ' என நிற்கின்றது. சிங்களத்தின் பழைய, வடசொற் கலப்பற்ற நிலைக்கு வழங்கும் 'ஹெலபஸ' என்னும் தொகையிலோ பழமையைச் சுட்டும் உறுப்பு யாதுமில்லை. (சிங்களத்தில் இங்கு நிற்பது ளகரம், தமிழில் அவ்வாறெழுதின் ஔகாரமென மயங்குமாதலின் லகரமிட்டேன்.)

'ஹெல' என்பது, பாளியிற் 'சீஹள' எனக் காணப்படும் சொல்லின் திரிபென்பர் மொழிநூலார். சகரம் ஹகரமாதலும், அந்த ஹகரமும் பின்னர்க் கெடுதலும் சிங்களத்திற்கு இயல்பு. 'சூரிய' என்பது 'ஹிரு' ஆகி, குருவிட்டக் கடைவீதியில் நம் மாணாக்கர் நாள்தோறுங் கேட்கும் 'இர' ஆனவாறு காண்க. 'ஹெலு' 'எலு' ஆனதும் அவ்வழியே. 'பஸ' என்பது 'பாஷா'வின் வழிவந்தது. அதுவே தமிழிற் 'பாடை' ஆயிற்று.

முனிதாச குமாரதுங்க (1887-1944) 1941இல் 'ஹெல ஹவுல' என்னும் கழகத்தை நிறுவி, சங்கதத்திற்குக் கடன்படாத சிங்களத்தை வேண்டினார். அவர் ஏந்திய பெயரின் ஈருறுப்பும் வடபுலத்தனவே! இதுகொண்டு அவரை எள்ளுதல் நேரிதன்று. 13ஆம் நூற்றாண்டுச் சிங்கள இலக்கணமாகிய 'சிதத் சங்கராவ' கூறும் எலு நெடுங்கணக்கில் மூச்சொலி மிக்க வடவெழுத்துகள் இல்லை. தொல்காப்பியரும் வடசொல்லை அறவே விலக்காது, வடவெழுத்தை நீக்கி ஏற்கவே விதித்தார். ஆதலின் தூய்மை சொல்லின் பிறப்பிலன்று, ஒலியமைதியிலேயே உள்ளதெனக் கொள்ளின் 'ஹெலபஸ' தக்க பெயரேயாம்.

நம்மவருட் சிலர் 'ஈழ'மே 'ஹெல' ஆயிற்றென்பர். அது பொருந்தாது, 'ஹெல'வின் ஹகரம் சகரத்தினின்று தோன்றியதாதலின் 'ஈழ'த்திலிருந்து அதனைப் பெறுதல் இயலாது. 'ஹெல'வே 'ஈழம்' ஆயிற்றென்னும் மறுதலையும் பொருந்தாது. கிறித்துவுக்கு முற்பட்டதெனக் கொள்ளப்படும் திருப்பரங்குன்றத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் ஈழக் குடும்பிகன் ஒருவன் குறிக்கப்படுகின்றான். 'ஹெல' என்னும் குறுகிய வடிவமோ பல நூற்றாண்டு பிற்பட்டது. 'சீஹள' நேரே 'ஈழம்' ஆயிற்றென்பார் கூற்றே எண்ணத்தக்கது. 'சீச' என்பது 'ஈயம்' ஆனாற்போலத் தமிழிற் சகரம் கெடுதலுண்டு. ஆயினும் வடசொல்லின் ளகரம் தமிழில் ழகரமாதல் அரிது. அவ்வோர் எழுத்திற்கு விடை காணுமளவும் அக்கொள்கையை யான் உடன்படேன்.