நாற்பது சதவீதத்தின் கதை

போன மாதம் ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு மதிப்பீட்டுக்கு வந்தது. எந்த ஊர், யார் மேற்பார்வை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். நானோபாய்மம் பற்றியது. தண்ணீர், எண்ணெய் மாதிரி சாதாரண திரவத்தில் சில நானோமீட்டர் அளவுள்ள உலோகத் துகளையோ ஆக்சைடு துகளையோ கலந்தால் கிடைக்கிற கலங்கல்தான் நானோபாய்மம். பெயர்தான் பெரிசு. முதல் அத்தியாயம், முதல் பக்கம், மூன்றாவது வரியில் பழைய நண்பர் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்: 0.3 சதவீதம் தாமிரத் துகள் கலந்ததில் எத்திலீன் கிளைக்காலின் வெப்பக் கடத்துத்திறன் 40 சதவீதம் உயர்ந்தது.

2001இல் பிறந்த எண் இது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பணி ஓய்வு பெறவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் என்னைப் பற்றியும்.

வண்டி எஞ்சினோ கணினியோ, பல இடங்களில் சூட்டை அள்ளிக்கொண்டு போவது ஏதோ ஒரு திரவம். ஆனால் திரவங்கள் சூட்டைக் கடத்துவதில் மகா மந்தம். ஒரு மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு இத்தனை வாட் என்ற அலகில் தண்ணீருக்கு 0.6, எத்திலீன் கிளைக்காலுக்கு 0.25. தாமிரத்துக்கோ சுமார் 400. அப்ப தாமிரத்தைப் பொடி பண்ணிப் போட்டால் என்ன? இந்த யோசனை நமக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது. ஒரு பொருளுக்குள் வேறொரு பொருளாலான உருண்டைகள் அங்கங்கே சிதறிக் கிடந்தால் மொத்தத்தின் கடத்துத்திறன் என்னவாகும் என்று மாக்ஸ்வெல் 1873இல் தன் மின்காந்தவியல் நூலிலேயே கணக்குப் போட்டிருக்கிறார். மின்சாரத்துக்குப் போட்ட கணக்குதான், ஆனால் வெப்பத்துக்கும் அப்படியே பொருந்தும். விடை ரொம்ப எளிது. உருண்டைகள் எவ்வளவு நல்ல கடத்தியாக இருந்தாலும், கனஅளவில் 1 சதவீதம் போட்டால் கடத்துத்திறன் சுமார் 3 சதவீதம் கூடும். அவ்வளவுதான். தாமிரத்துக்குப் பதில் வைரத்தையே போட்டாலும் அதே 3தான். ஏனென்றால் சூடு ஓர் உருண்டையிலிருந்து அடுத்ததுக்குப் போக, நடுவில் இருக்கிற மந்தமான திரவத்தைத் தாண்டியே ஆக வேண்டும்.

பெரிய துகள்களைப் போட்டால் அடியில் தங்கிவிடும், குழாயை அரிக்கும். நானோ அளவென்றால் மிதக்கும். ஜப்பானில் மசூதா குழுவினர் 1993இல் இதைச் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் இருந்த ஸ்டீபன் சோய் 1995இல் 'நானோபாய்மம்' என்று பெயர் வைத்தார். பிறகு 2001இல் அதே ஆய்வகத்திலிருந்து வந்ததுதான் அந்த 40.

மாக்ஸ்வெல் கணக்கில் 0.3 சதவீதத் தாமிரத்துக்கு 1 சதவீதம்கூடத் தேறாது. ஒரு லிட்டரில் 3 மில்லி லிட்டர் தாமிரம், எடையில் 27 கிராம். அதற்கு 40 சதவீத உயர்வு என்றால் நம்மூர் மூளைக்கு ஒரு மயக்கம் வரத்தான் செய்யும். ஒரு சிட்டிகைப் பெருங்காயம் அண்டா சாம்பாரையே மணக்க வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இல்லையா நாம்! பெருங்காய வாசனை மூலக்கூறு மூலக்கூறாகக் கலந்து பரவி மூக்கைத் தொடுகிற சமாச்சாரம். சூடு அப்படிப் போவதில்லை.

எண் வந்ததும் விளக்கங்கள் வரிசை கட்டின. 2002இல் கெப்லின்ஸ்கியும் கூட்டாளிகளும் (சோயும் அதில் ஒருவர்) நான்கு சாத்தியங்களைப் பட்டியலிட்டார்கள்: துகள்களின் பிரௌனிய ஆட்டம், துகளைச் சுற்றித் திரவம் அடுக்கடுக்காக ஒழுங்குபடுவது, துகளுக்குள் வெப்பம் செல்லும் விதம், துகள்கள் கொத்துக்கொத்தாகச் சேர்வது. பிரௌனிய ஆட்டம் தேறாது என்று அவர்களே அப்போதே காட்டிவிட்டார்கள். காகிதமும் பென்சிலும் இருந்தால் நீங்களும் காட்டலாம். தண்ணீரில் சூடு பரவும் வேகத்தைச் சொல்லும் எண் நொடிக்கு ஒரு கோடியில் 1.4 சதுர மீட்டர். 10 நானோமீட்டர் துகள் ஒன்று அங்கே ஆடி அலையும் வேகத்தை ஐன்ஸ்டீன் சூத்திரத்தில் போட்டால் அதில் 3000இல் ஒரு பங்குதான் வரும். துகள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்குள் சூடு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது.

இருந்தும் பிரௌனிய மாதிரிகள் வந்துகொண்டே இருந்தன. அதற்கும் காரணம் இருந்தது. 2003இல் சென்னை ஐஐடியில் சரித் தாஸ் குழுவினர் அலுமினா, தாமிர ஆக்சைடு கலந்த தண்ணீரை 21இலிருந்து 51 டிகிரி வரை சூடாக்கி அளந்தபோது, கடத்துத்திறனின் கூடுதல் இரண்டு முதல் நான்கு மடங்கு ஏறியது. சூடு ஏறினால் ஆட்டம் ஏறும், ஆகவே ஆட்டம்தான் காரணம் என்று நினைப்பது இயல்பு. நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்போது நான் ஆய்வு மாணவன்.

என் சோதனை எளிய சூடுகம்பி முறை. மெல்லிய பிளாட்டினக் கம்பியைத் திரவத்தில் நிறுத்தி மின்சாரம் பாய்ச்ச வேண்டும். கம்பியின் சூடு எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பதை நேரத்தின் லாகரிதத்துக்கு எதிராக வரைந்து, சாய்வைப் பார்த்தால் கடத்துத்திறன் கிடைத்துவிடும். 1 சதவீத அலுமினா கலந்த தண்ணீரை வைத்து அளந்தேன். 0.684 வந்தது. தண்ணீருக்குக் கையேட்டில் 0.6. வகுத்தால் 14 சதவீத உயர்வு! மாக்ஸ்வெல்லின் 3 எங்கே, என் 14 எங்கே. அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரலை. சுவரொட்டி ஒன்றும் அடித்தாகிவிட்டது, ஒரு கருத்தரங்குக்கு.

கருத்தரங்கில் ஒரு பெரியவர் சுவரொட்டியைப் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "வெறும் தண்ணியை உங்க கம்பியில அளந்தா எவ்ளோ வருது தம்பி?"

அளந்ததில்லை. கையேட்டில்தான் இருக்கிறதே! திரும்பி வந்து அளந்தேன். 0.66. அதாவது என் கருவியில் ஒன்றுமே கலக்காத வாலைவடிநீரே 10 சதவீதம் 'மேம்பட்டு' இருந்தது. கம்பியைத் தேவைக்கு அதிக நேரம் சூடாக்கியதில் சுற்றியிருந்த தண்ணீர் எழும்பி ஓடத் தொடங்கியிருக்கிறது. அந்த ஓட்டம் சுமந்த சூட்டையும் கடத்தல் கணக்கில் எழுதியிருக்கிறேன். 0.684ஐ 0.66ஆல் வகுத்தால் 3.6 சதவீதம். கழுதை தேய்ந்து கட்டெறும்பு. நேரத்தைச் சுருக்கி மறுபடி அளந்தபோது அது இன்னும் கொஞ்சம் மாக்ஸ்வெல் பக்கம் நகர்ந்தது.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இதில் நான் தனி ஆள் இல்லை என்பது பிறகு புரிந்தது. 2009இல் எம்ஐடியின் யாகோபோ புவோஞ்ஜோர்னோ தலைமையில் ஓர் ஒப்பீட்டுச் சோதனையின் முடிவு வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள். ஒரே மாதிரித் திரவங்களை எல்லாருக்கும் அனுப்பி, அவரவர் கருவியில் அளக்கச் சொன்னார்கள். ஆசிரியர் பட்டியலில் சென்னை ஐஐடிக்காரர்களும் கல்பாக்கத்துக்காரரும் உண்டு. பெரும்பாலானோரின் அளவுகள் சராசரியைச் சுற்றி 10 சதவீதத்துக்குள் நின்றன. துகளின் நீள அகலத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்ட மாக்ஸ்வெல் வழிச் சூத்திரத்தோடு அவை பொருந்தின. சோதித்த பாய்மங்களில் விபரீத உயர்வு எதுவும் இல்லை என்று அடக்கமாக எழுதி முடித்திருந்தார்கள். நானோபாய்மத் துறையிலேயே மிக முக்கியமான கட்டுரை என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். என் மேசையில் இருந்த ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலில் அது இல்லை.

அப்ப அந்த 40 பொய்யா? அப்படிச் சொல்ல மாட்டேன். துகள்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தால்தான் 3 மடங்குக் கணக்கு. அவை ஒன்றையொன்று தொட்டுச் சங்கிலியாக நின்றால் கதையே வேறு. மாடி தளம் போடும்போது சித்தாள்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஆட்கள் மூலைக்கு ஒருவராக நின்றால் சட்டி நகருமா? கல்பாக்கத்தில் ஜான் பிலிப் குழுவினர் 2007இல் இதைத்தான் அழகாகக் காட்டினார்கள். மேக்னடைட் துகள்கள் கலந்த பாய்மம், கனஅளவில் 6.3 சதவீதம். வெப்பம் பாயும் திசையிலேயே காந்தப்புலத்தைக் கொடுத்தால் துகள்கள் அந்தத் திசையில் சங்கிலி கட்டிக்கொள்கின்றன. கடத்துத்திறன் 300 சதவீதம் கூடுகிறது. புலத்தை எடுத்தால் பழையபடி. 40 எங்கே 300 எங்கே, ஆனால் இதற்குப் புதிய இயற்பியல் எதுவும் தேவைப்படவில்லை. துகள்கள் வரிசையாக நின்றால் இவ்வளவு வரை போகலாம் என்ற பழைய மேல்வரம்புக்குள்ளேயே அது அடங்கிவிட்டது. நானோ என்பதால் வந்த மாயம் இல்லை, நிற்கிற ஒழுங்கு. நம் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்த இந்த வேலையை விட்டுவிட்டு 40ஐப் பிடித்துத் தொங்குவதுதான் எனக்கு எரிச்சல்.

ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயம் இன்னும் மோசம். குழாயில் பாயவிட்டு அளந்திருக்கிறார். 'ஒரே ரெய்னால்ட்ஸ் எண்ணில்' ஒப்பிட்டால் தண்ணீரைவிட நானோபாய்மம் கணிசமாக அதிகச் சூட்டை அள்ளுகிறதாம். அள்ளத்தான் செய்யும்! துகள் போட்டால் திரவம் பிசுபிசுக்கும். பாகுத்தன்மை 30 சதவீதம் கூடிய திரவத்தை அதே ரெய்னால்ட்ஸ் எண்ணுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 30 சதவீதம் வேகமாகத் தள்ள வேண்டும். வெறும் தண்ணீரை அந்த வேகத்தில் தள்ளியிருந்தால் அதுவும் கூடுதலாக அள்ளியிருக்கும். பம்ப் ஓட்டுகிறவருக்கு ரெய்னால்ட்ஸ் எண் தெரியாது, கரண்ட் பில் தெரியும். ஒரே பம்ப் செலவில் ஒப்பிட வேண்டாமா? இது இந்த மாணவரின் தவறு மட்டும் இல்லை. அச்சான கட்டுரைகளைப் பார்த்துத்தான் அவர் கற்றிருக்கிறார். இப்போது 'கலப்பின நானோபாய்மம்' என்று இரண்டு வகைத் துகள்களைக் கலந்து, அதையும் பெரும்பாலும் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிறார்கள். கடத்துத்திறன் கூடும் என்ற சூத்திரத்தை உள்ளே போட்டுவிட்டு, கடத்துத்திறன் கூடியது என்ற முடிவை வெளியே எடுத்தால் அதில் சோதனை எங்கே இருக்கிறது?

பாகுத்தன்மை என்றதும் ஒரு பழைய சங்கதி ஞாபகம் வருகிறது. துகள் கலந்த திரவத்தின் பாகுத்தன்மைக்கு ஐன்ஸ்டீன் 1906இல் வெளியிட்ட சூத்திரம், 1 சதவீதத் துகளுக்கு 1 சதவீத உயர்வு என்றது. பாரிஸில் பெர்ரன் ஆய்வகத்தில் அளந்தபோது அதைவிட அதிகமாக வந்தது. ஐன்ஸ்டீன் புதிய விளைவு கண்டுபிடித்துவிட்டதாகக் கிளம்பவில்லை. தன் கணக்கில் பிழை இருக்கிறதா பார் என்று லுட்விக் ஹோப்ஃப் என்ற உதவியாளரிடம் கொடுத்தார். இருந்தது. 1911இல் 1ஐ 2.5 என்று திருத்திக்கொண்டார். அந்த 2.5தான் இன்றைக்கும் பாடப்புத்தகத்தில்.

கொதிநிலை விஷயத்தில் மட்டும் நானோபாய்மத்துக்குக் கொஞ்சம் நியாயம் செய்ய வேண்டும். ஒரு லிட்டரில் கிராமில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான அலுமினா, கொதிக்கும் தண்ணீர் தாங்கக்கூடிய உச்ச வெப்பப் பாய்ச்சலை 200 சதவீதம் உயர்த்தியதாக 2003இல் ஒரு கட்டுரை வந்தது. இது நின்று பிடித்த வகை. ஆனால் காரணம் திரவத்தில் இல்லை. கொதிக்கும்போது துகள்கள் சூடேறும் பரப்பில் படிந்து நுண்துளை உள்ள தோல் மாதிரி ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீர் அதில் நன்றாகப் பரவி நனைக்கிறது. அப்படிப் படிந்த கம்பியை எடுத்து வெறும் தண்ணீரில் போட்டாலும் அதே பலன் கிடைக்கிறது. பாய்மத்தை விற்பதை விட்டுப் பூச்சை விற்கலாம்.

ஆய்வேட்டைத் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினேன். மூன்று விஷயம் கேட்டிருக்கிறேன்: 2009 ஒப்பீட்டைப் பற்றி ஒரு பகுதி, ஒரே பம்ப் செலவில் ஒப்பிட்டு மறுபடி வரைந்த படங்கள், முதல் அட்டவணையின் முதல் வரியில் அவருடைய கருவியில் அளந்த வெறும் தண்ணீரின் கடத்துத்திறன். நேற்று மாணவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தண்ணீருக்குக் கையேட்டு மதிப்பைப் பயன்படுத்தினால் போதாதா ஐயா என்று கேட்டிருக்கிறார்.

என் பழைய சுவரொட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.